கணிதம் பயிலாத பிள்ளைக்கு எந்தப் பட்டம்?

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி ஒன்றை இத்திங்கள் எடுத்துக்கொள்கிறோம். மகன் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். ஆயின் பிளஸ் டூவில் அவன் கணிதம் பயிலவில்லை. எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது? மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு வரிசையின் கடைசியிலேனும் ஓர் இடமுண்டு. பாடமே பயிலாத பிள்ளைக்கு அவ்வரிசையில் நிற்கவே தகுதியில்லை. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் முதற்கண் உணர வேண்டும்.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கிய நாள்தொட்டு, பதினைந்து வயதுப் பிள்ளையே தன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறது என்கிறோம். உண்மையில் தேர்ந்தெடுப்பவை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அருகிலுள்ள பள்ளியில் இருக்கும் பிரிவுகளும், தோழர்கள் சேர்ந்த வகுப்புமே. அதன் விளைவு ஈராண்டு கழித்தே தெரிகிறது.

பொறியியல் சேர்க்கையை நோக்குவோம். நம் மாநிலக் கலந்தாய்வில் தரவரிசைக்கான மதிப்பெண் 200. அதில் கணிதத்திற்கு மட்டும் 100. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021 மார்ச்சில் தன் விதிகளைத் தளர்த்தியபோது, கணிதமின்றியே பொறியாளராகலாம் எனப் பலர் மகிழ்ந்தனர். எதிர்ப்பு எழவே, தளர்வை ஏற்பதும் ஏற்காததும் பல்கலைக்கழகங்களின் விருப்பம் என அக்குழு விளக்கியது. செய்தித்தாளில் கண்ட தளர்வை நம்பி முன்பணம் கட்டுதல் தகாது.

எனினும் வழி முற்றிலும் அடைபடவில்லை. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பிற்குப் பத்தாம் வகுப்புக் கணிதமே போதும். பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பிளஸ் டூ முடித்தவன் மீண்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையிலேந்திச் செல்வதை உறவினர் இறக்கமாகப் பேசுவர். பேசட்டும். விட்டுப்போன கணிதத்தை அவன் அங்கு அடிப்படையிலிருந்து கற்கிறான். ஆறாண்டில் பட்டயம், பட்டம் இரண்டும் அவன் கையில் இருக்கும். வேறொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் விட்ட பாடத்தை மட்டும் பதிவு செய்து எழுதுதல். அதன் பொதுத்தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடைபெறுகிறது. மருத்துவப் படிப்பிற்கு, உயிரியலை இவ்வாறு கூடுதல் பாடமாக எழுதித் தேறியோரும் நீட் தேர்வு எழுதலாம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. பிற படிப்புகளுக்கு இத்தகைய தனிச் சான்றிதழ் செல்லுமா என்பதைச் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம்.

உயிரியல் பயின்றோருக்குக் கணிதம் இன்மை பெருங்குறையன்று. செவிலியர் படிப்பு உண்டு. மருந்தியல் பட்டத்திற்கு இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ உயிரியலோ ஒன்று போதும். ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டத்தில், மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். நம் கடற்கரைப் பங்குகளின் பெற்றோர் ஒன்றைக் கருத வேண்டும். கடலையே கண்டு வளர்ந்த பிள்ளை கப்பலில் அதிகாரியாக விரும்புவது இயல்பு. ஆயின் கடல்சார் பட்டப்படிப்பு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் கேட்கிறது. அதே பிள்ளை உயிரியல் பயின்றிருப்பின், 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டம் அவனுக்கு உண்டு. கடல் ஒன்றே, வாயில்கள் வேறு.

கலைப்பிரிவினருக்குச் சட்டத்தின் ஐந்தாண்டுப் படிப்பும் மொழி, வரலாறு, வணிகவியல் ஆகிய பட்டங்களும் உள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கை. கணிதத்திற்கு அஞ்சி வணிகவியலில் சேர்ந்த பிள்ளை அங்கே வணிகக் கணிதத்தையும் புள்ளியியலையும் சந்திக்கிறது. பட்டயக் கணக்காளர் அடிப்படைத் தேர்விலும் அவ்விரண்டும் உண்டு. உளவியலிலும் பொருளியலிலும் புள்ளியியல் உண்டு. சேருமுன் பாடத்திட்டத்தின் மூன்றாண்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கல்லூரியின் வண்ண விளம்பரத்தில் அது இராது.

பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தால் ஆகாதா என வினவுவோரும் உளர். இடம் இருப்பின் அக்கடிதம் உதவலாம். பல்கலைக்கழகம் வகுத்த தகுதியை எக்கடிதமும் மாற்றாது. சேர்க்கைக்குப்பின் தகுதிச் சான்றிதழ்கள் சரிபார்க்கப்படுகின்றன. தகுதியின்றிச் சேர்க்கப்பட்ட மாணவன் அப்போது வெளியேற்றப்பட்டால், கட்டிய பணமும் கழிந்த ஓராண்டும் குடும்பத்தின் இழப்பே. "பாடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இடம் வாங்கித் தருகிறோம்" என அண்டை மாநிலக் கல்லூரிகளின் பெயரால் வீடு தேடி வரும் தரகரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இச்சேர்க்கையைப் பல்கலைக்கழகம் ஏற்கும் எனப் பல்கலைக்கழக முத்திரையுடன் கடிதம் தர முடியுமா? தர இயலாதவரிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டா.

அதே வீட்டில் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடித்த தங்கை இருப்பின், அவளது பிரிவை இப்போதே அமர்ந்து பேசுங்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரு வாயில்களையும் திறந்து வைக்கும், சுமையும் இரட்டிப்பு. கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவளை அதில் திணித்தல் நமக்கு உடன்பாடன்று. அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்பதை அவளிடமே கேட்டு, அதற்குரிய தகுதி விதியை வாசித்த பிறகு விண்ணப்பத்தை நிரப்பலாம்.