அறுபதுக்கு மேல் ஒரு கையெழுத்து போதாதா?

2021 நவம்பரில் சுவர்ணமுகி நதி கரைபுரண்டபோது திருப்பதித் தெருக்களில் ஆறு ஓடியது. திருமலைப் பாதையில் மண் சரிந்தது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டதும் கீழேயிருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள்.

தண்ணீர் வடிந்தபின் மறுபடி விதைக்கப் பணம் வேண்டும். அங்கேதான் வயது குறுக்கே நிற்கிறது. விவசாயிகள் பயிர்க்கடன் வாங்கும் கிசான் கிரெடிட் கார்டுக்கு வங்கிகள் வைத்திருக்கும் வழக்கமான வரம்பு 18 முதல் 75 வயது. 60-ஐத் தாண்டியவர் தனியாகக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. சட்டப்படி வாரிசான ஒருவரும் கடன்தாரராகச் சேர வேண்டும்.

வாரிசு பெங்களூரில் இருந்தால் ஒரு நாள் லீவு போட்டு வருவார். பேச்சுவார்த்தையே நின்றுபோன மகனை எப்படி அழைப்பது? பிள்ளையில்லாத விதவை யாரைக் கூட்டிப்போவார்?

கடன் வாங்கியவர் காலமாகிவிட்டால் யார் கட்டுவது என்ற வங்கியின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இது இருபது வருட வீட்டுக் கடன் அல்ல. அறுவடை வந்தால் தீர்கிற பயிர்க்கடன். அதிலும் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானமே கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலத்தைக் கேட்காத மேனேஜர் பிள்ளையைக் கேட்கிறார்!

நம் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, எவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்பதைச் சாதி, மதம், பாலினம் என்று அடுக்குகிறது. வயது அதில் இல்லை. ரிசர்வ் வங்கி 2014-இல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமை சாசனத்தில் வயது இருக்கிறது. ஆனால் அந்தச் சாசனம் சட்டமல்ல. அமெரிக்காவிலோ கடன் சமவாய்ப்புச் சட்டத்தில் 1976-லேயே வயதையும் சேர்த்துவிட்டார்கள். கடனுக்கு மதிப்பெண் போடும்போது 62 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு வயதைக் காட்டிக் குறைக்கக்கூடாது.

இத்தனைக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. இயற்கைப் பேரிடர் நிவாரணம் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2018 உத்தரவு, 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் அழிந்தால் பழைய கடனுக்குத் தவணையை நீட்டிக்க வழிசெய்தது. தனிநபர் ஜாமீன் இல்லை என்பதற்காகக் கடனை மறுக்கக்கூடாது என்றும் சொன்னது. வாரிசின் கையெழுத்து வேறு பெயரில் வரும் ஜாமீன்தானே? பேரிடர் அறிவிக்கப்பட்ட மண்டலங்களில், பேரிடருக்குப் பின் வாங்கும் முதல் பயிர்க்கடனுக்கு அதுவும் வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியின் நிவாரண விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். தனிச் சட்டம்கூடத் தேவையில்லை.