பழம் இல்லாத பழ சர்பத்





திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலை வழியே, பௌர்ணமி தோறும் பெருந்திரளானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து செல்கின்றனர். அவர்களின் தாகத்தைத் தணிப்பது சர்பத். நம் இல்லங்களில் இஃப்தார் விரிப்பை அலங்கரிப்பதும் அதுவே.

'குடித்தான்' எனப் பொருள்படும் 'ஷரிப' என்ற அரபுச் சொல்லே 'சர்பத்', 'சிரப்' ஆகிய இரண்டுக்கும் வேர். யூனானி மருத்துவர்கள் அதனை உடல் வெப்பம் தணிக்கும் பானமாகவே தயாரித்தனர். 1907இல் டெல்லியில் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் உருவாக்கிய ரூஹ் அஃப்ஸாவும் அவ்வழியில் வந்ததே.

இன்று கடைகளில் விற்கப்படும் சிவந்த பாட்டில்கள் பலவற்றில் பழத்தின் படம் உண்டு, பழம் இல்லை. 'பழ சிரப்' என்று பெயரிட, அதில் குறைந்தது 25 விழுக்காடு பழச்சாறு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். அந்த அளவு இல்லாதது வெறும் சுவையூட்டப்பட்ட பானமே. ஐஎன்எஸ் 122, 124 என்ற எண்கள் செயற்கைச் சிவப்பு நிறங்களைக் குறிக்கும். பழச்சாறு உள்ள சிரப்பிலும் 100 கிராமுக்கு 65 கிராமேனும் கரைபொருள் இருக்கும். அதில் பெரும்பகுதி சர்க்கரையே. பகல் முழுதும் நோன்பிருந்த நீரிழிவு நோயாளிக்கு அதனை முதல் மிடறாகக் கொடுப்பது பரிவாகுமா?

இவற்றை ஹராம் என நாம் கூறவில்லை. ஆயினும், அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் 'ஹலால்', 'தய்யிப்' ஆகிய இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் போதாது. தூய்மையானதாகவும் நலம் தருவதாகவும் இருக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களுக்காக உலர்திராட்சை நீரில் ஊறவைக்கப்படும். அதனை அன்றும் மறுநாளும், மூன்றாம் நாள் மாலை வரையும் அருந்துவார்கள். பின்னர் எஞ்சியது கொட்டப்படும் என ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இனிய பானத்தை விரும்பியவர்கள், அதன் தன்மை மாறிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்கள். அக்கவனம் நம்மிடம் எங்கே?

உலர்திராட்சை ஊறிய நீர், எலுமிச்சைச் சாறு, நன்னாரி வேர் ஊறிய நீர் ஆகியவை எளியோர் வீட்டிலும் இயலக்கூடியவை. பாட்டில் வாங்குவோர் முன்பக்கப் படத்தை விடுத்து, பின்பக்க எழுத்தைப் படிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளையே படிக்கச் சொல்லலாம். அதுவும் ஒரு மார்க்கக் கல்வியே.

தாகித்தவருக்கு நீர் புகட்டுவது சிறந்த தர்மம். அவர் நோன்பாளியாயினும், கிரிவலம் செல்லும் அண்டை வீட்டாராயினும், நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்க விரும்புகிறோமோ அதையே அவருக்கும் கொடுப்போம்.

தூய்மையானதை உண்டு, தூய்மையானதையே பிறருக்கு வழங்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.