கெட்செமானியில் தங்கும் இணையர்

கொலம்பியாவின் கரீபியக் கடலோர நகரமான கார்த்தஹேனாவுக்கு, முதுகுப்பையில் அடங்கும் உடைமைகளோடு குறைந்த செலவில் நாடு சுற்றும் இணையர் பலர் வந்து, 1533-இல் நிறுவப்பட்டு 1984-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அந்நகரின் கெட்செமானிப் பகுதியில், ஓர் அறையைப் பலர் பகிரும் மலிவு விடுதிகளான ஹாஸ்டல்களில் தங்குகின்றனர். ஒருகாலத்தில் கைவினைஞர்களும் ஆப்பிரிக்க வழியினரும் மிகுந்து வாழ்ந்த அப்பகுதியில், வீடுகள் விடுதிகளாக மாறுவதால் வாடகை உயர்ந்து, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற நேர்கிறது. பயணியரின் சிக்கனம் ஊராரின் இழப்பாகிவிடக் கூடாது. ஆகவே, உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளில் தங்கி, மக்காச்சோள மாவுக்குள் முட்டையை வைத்துப் பொரிக்கும் அரேப்பா தே உவேவோவைத் தெருக்கடைகளில் வாங்கி உண்டு, பலெங்கேராக்கள் எனப்படும் பழம் விற்கும் பெண்களைப் படமெடுக்குமுன் அவர்களது இசைவைக் கேட்டு உரிய தொகை அளிப்பது, அந்நகருக்கு விருந்தினர் ஆற்ற வேண்டிய கடமையாகும்.