தோல் நோயாளிக்குத் தடுப்பூசி வேண்டாமாம்!

'பயாலஜிக் ஊசி போட்டுக்கிறியா? அப்ப தடுப்பூசி எதுவும் வேணாம். எதுக்கு வம்பு?'

இது மருத்துவம் அல்ல, தட்டிக்கழித்தல். யாருக்கு வம்பு வரக்கூடாது என்று பார்க்கிறார்கள்? சீட்டு எழுதுகிறவருக்கு. ஃப்ளூவும் நிமோனியாவும் அக்கியும் வந்து படுக்கப்போகிற உடம்பு யாருடையது? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம் தோழர்களே. சொரியாசிஸ், கடுமையான கரப்பான், அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி கட்டியாய்ச் சீழ் பிடிக்கும் ஹைட்ராடெனைட்டிஸ் இவையெல்லாம் தொட்டால் ஒட்டுகிற நோய்கள் இல்லை. தொடாமல் ஒதுங்குகிற ஊருக்குத்தான் அது தெரிவதில்லை. உடம்பின் காவல்படை அத்துமீறித் தன் தோலையே தாக்குகிறது, அதுதான் நோய். அடலிமுமாப், செகுகினுமாப் போன்ற பயாலஜிக் மருந்துகள் அந்தப் படையை மொத்தமாகக் கலைப்பதில்லை. அதற்குள் ஓடுகிற ஒரு குறிப்பிட்ட செய்தியை மட்டும் மறிக்கின்றன. மறிக்கிற இடத்தில் சில கிருமிகளுக்கு வழி கிடைத்துவிடுகிறது. அடலிமுமாப் வகை மருந்தால் உள்ளே உறங்கும் காசநோயும், மஞ்சள்காமாலை பி கிருமியும் விழித்துக்கொள்ளலாம். அப்படியானால் தடுப்பூசி யாருக்கு அதிகம் தேவை? இவர்களுக்குத்தானே!

2021இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி தொடங்கியது. அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது: எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குத் தடை இல்லை, பலன் கொஞ்சம் குறையலாம். சில நாளிலேயே கோவாக்சின் தயாரித்த பாரத் பயோடெக் ஒரு தாள் வெளியிட்டது: எதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டாம். கோவாக்சின் செத்த கிருமியால் ஆனது. செத்த கிருமி எழுந்துவந்து நோய் தராது. சர்க்கார் ஒன்று சொல்ல, கம்பெனி ஒன்று சொல்ல, வரிசையில் நின்ற நோயாளி என்ன செய்வான்? வீட்டுக்குத் திரும்பினான். அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையோ, பெரும்பாலோர் மருந்தை நிறுத்தாமலே சீக்கிரம் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொன்னது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உயிருள்ள கிருமியா, இல்லையா?

ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சள்காமாலை பி, டெட்டனஸ், ஷிங்ரிக்ஸ் என்கிற அக்கி ஊசி எதிலும் உயிருள்ள கிருமி இல்லை. பயாலஜிக் எடுக்கும்போதே போடலாம். வெறிநாய்க்கடி ஊசியும் அப்படித்தான். நாய் கடித்து வருகிறவனிடம் 'நீ அந்த மருந்து எடுக்கிற ஆள், வேணாம்' என்று சொன்னால் அது கொலை.

தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகளில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. பயாலஜிக் எடுக்கும்போது இவை கூடாது. தேவைப்பட்டால் மருந்து தொடங்கக் குறைந்தது 4 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். கொப்புள நோய்க்குத் தருகிற ரிடக்ஸிமாப் வேறு கதை. அதைப் போட்டபின் பல மாதங்களுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

கொடுமை இன்னொரு பக்கமும் உண்டு. 'எல்லாம் வேணாம்' என்று சொல்கிறவர்கள், நிஜமாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் திறப்பதில்லை. நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் பிசிஜி போடுகிறோம். அது உயிருள்ள கிருமி. தாய் கர்ப்பத்தின் பிற்பகுதியில் இன்ஃப்ளிக்சிமாபோ அடலிமுமாபோ எடுத்திருந்தால் மருந்து குழந்தையின் ரத்தத்திலும் மாதக்கணக்கில் இருக்கும். இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாய்க்குப் பிறந்த குழந்தை பிசிஜி கிருமி உடலெங்கும் பரவி இறந்ததை 2010இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. பிரசவ வார்டில் இதைக் கேட்கிறவர் எத்தனை பேர்?

அப்புறம் காசு. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உலகிலேயே முதலாவதாக அடலிமுமாப் நகல் மருந்தை இறக்கியபின் இந்த ஊசி கொஞ்சம் கீழே இறங்கி வந்திருக்கிறது. தடுப்பூசி இறங்கவில்லை. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்க்கிறது. நோயோடு வாழும் பெரியவரைப் பார்ப்பதில்லை. 2023இல் இங்கே வந்த ஷிங்ரிக்ஸ் 2 தவணை. கூலிக்காரர் வாங்குகிற விலையா அது?

எனவே நாம் கேட்பது இவை:

பயாலஜிக் எழுதுகிற ஒவ்வொரு மருத்துவமனையும் முதல் ஊசிக்கு முன் காசநோய், மஞ்சள்காமாலை பி சோதனையோடு தடுப்பூசிக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எது போடலாம், எது கூடாது என்று தமிழில் அச்சடித்த அட்டை நோயாளியின் கையில் இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் போகிற தாயிடமும் அது இருக்க வேண்டும்.

தேவையான தடுப்பூசியை அரசு மருத்துவமனை இலவசமாகத் தர வேண்டும்.

அதுவரை, யாராவது 'எதுக்கு வம்பு' என்றால் திருப்பிக் கேளுங்கள்: 'அது உயிருள்ள கிருமியா சார்?' பதில் தெரியாதவருக்கு உங்களைத் தடுக்க உரிமை கிடையாது.