தையலில் தெரியும் தரம்

“லண்டன் கோட்டு சிறந்ததா, இத்தாலியக் கோட்டு சிறந்ததா?” எனச் சிலர் கேட்பர். லண்டனின் சவில் ரோ தெருத் தையற்கலைஞர்கள் தோளுக்குப் பஞ்சு வைத்து, இடையை ஒடுக்கி, மிடுக்காகத் தைப்பர். இராணுவச் சீருடையின் சாயல் அதில் உண்டு. வெயில் மிகுந்த நேப்பிள்ஸ் நகரிலோ பஞ்சைக் குறைத்து, சட்டையைப் போல இலகுவாகத் தைப்பர். இவை பாணி வேறுபாடுகளே. தர வேறுபாடுகள் அல்ல. கோட்டின் மார்புப் பகுதிக்குள் ஓர் உள்துணி இருக்கும். அதைப் பசையால் ஒட்டினால், நாளடைவில் வெளித்துணி உப்பிக்கொள்ளக்கூடும்; கையால் தைத்தால், உடலோடு இயைந்து நெடுநாள் உழைக்கும். எனவே, கோட்டு வாங்கும்போது நாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல், உள்துணி தைக்கப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்றும் கேட்டறிய வேண்டும் என்பதே என் கருத்து.