பெயர் இல்லாத நாட்களின் போர்

ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 9. ஜப்பானுக்கு எதிரான போர் என்றதும் உலகத்தின் நினைவுக்கு வருபவை இந்த இரண்டு தேதிகள்தான். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் எத்தனை முறை நினைத்தாலும் தகும். ஆனால், அந்த இரு அணுகுண்டுகள் விழும் முன்பே ஜப்பானின் ஆலைகள் நின்றுகொண்டிருந்தன, அடுப்புகள் அணைந்துகொண்டிருந்தன. வானிலும் கடலிலும் நேச நாடுகள் அன்றாடம் நடத்திய தாக்குதல்களின் விளைவு அது. அந்த நாட்களில் பெரும்பாலானவற்றுக்கு உலகம் அறிந்த பெயரோ நினைவுதினமோ இல்லை.

ஜப்பானின் பலம், பலவீனம் இரண்டும் கடல்தான். எண்ணெய் சுமத்ராவிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் வரவேண்டும். அரிசி கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வரவேண்டும். ஏறக்குறைய 60 லட்சம் டன் வணிகக் கப்பல்களோடு 1941இல் போரில் இறங்கிய நாடு, போர்க்காலத்தில் கட்டியவற்றையும் சேர்த்து 80 லட்சம் டன்னுக்கு மேல் இழந்தது. அதில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்தவை. அமெரிக்கக் கடற்படையில் நூற்றில் இரண்டு பேர்கூட நீர்மூழ்கிகளில் இல்லை. அவர்களும் 52 கப்பல்களைப் பறிகொடுத்தார்கள்.

கடலடியில் நடந்த இந்த வேட்டைக்கு வானிலிருந்தும் துணை வந்தது. 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு, கடல் தாண்டி சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கின. அவற்றுள் சில, எண்ணெய்க் கப்பல்கள் போய்வரும் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டுத் திரும்பின. அங்கே சிறிய அளவில் நடந்தது, 1945 மார்ச் 27 முதல் ஜப்பானின் வாசலிலேயே பெரிய அளவில் நடந்தது. ஷிமோனோசெகி நீரிணையிலும் துறைமுக வாய்களிலுமாக, போர் முடிவதற்குள் சுமார் 12,000 கண்ணிவெடிகள் இறக்கப்பட்டன. அந்தத் திட்டத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரே ‘பட்டினி’. போர் முடிந்த பிறகும் அவை ஓயவில்லை. அவற்றை அகற்றும் பணியில் ஜப்பானியர் எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1945 ஜூலையில் அமெரிக்கத் தளபதி ஹால்சியின் மூன்றாம் கடற்படை ஜப்பானியக் கரையை ஒட்டியே உலவத் தொடங்கியது. 14ஆம் தேதி அதன் போர்க்கப்பல்கள் கமைஷி இரும்பாலையைப் பீரங்கியால் தகர்த்தன. அன்றும் மறுநாளும் அதன் விமானங்கள், ஹொக்கைடோவின் நிலக்கரியை ஹொன்ஷுவுக்குச் சுமந்துவந்த ரயில் தோணிகளை மூழ்கடித்தும் முடமாக்கியும் அந்த வழியை அறுத்தன. 1944 நவம்பரில் இலங்கையில் உருவான பிரிட்டிஷ் பசிபிக் கடற்படையும் சில நாட்களில் ஹிட்டாச்சி நகர் மீதான தாக்குதலில் சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே கஞ்சிக்கும் கிழங்குக்கும் இறங்கியிருந்த மக்களின் உணவுப் பங்கீடு அந்தக் கோடையில் மேலும் குறைக்கப்பட்டது.

அன்றாட அறிக்கைகள் இவற்றை டன் கணக்கில் எழுதின. டன் கணக்கு, கப்பலில் யார் இருந்தார்கள் என்று சொல்லாது. 1944 ஆகஸ்ட் 22 அன்று மூழ்கடிக்கப்பட்ட சுஷிமா மாரு, ஒகினாவாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு ஏற்றிச் சென்ற கப்பல். பிள்ளைகள் மட்டும் 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்டம்பரில் மூழ்கிய ரகுயோ மாருவில் இருந்தவர்கள், சயாம் மரண ரயில் பாதையில் உயிர்தப்பிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள்; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே மாதம் சுமத்ரா அருகே ஜுன்யோ மாரு மூழ்கியபோது ஜாவாவின் கட்டாயக் கூலிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். ஜப்பானியக் கொடுமையிலிருந்து மீட்கப்பட வேண்டியவர்களையே மீட்கவந்த தரப்பின் டார்ப்பிடோ கொன்றது.

இதனால் அந்தப் போரின் நியாயத்தை மறுத்துவிட முடியாது. நான்ஜிங்கிலும் மணிலாவிலும் வெறியாடிய படை ஜப்பானுடையது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய் சயாம் காட்டில் பல்லாயிரக்கணக்கில் சாகவிட்ட அரசு அது. அதைத் தடுத்து நிறுத்தியே ஆகவேண்டும். நாம் கேட்க வேண்டியது வேறு: நியாயமான போர், பழகிப்போன போராக மாறும்போது என்ன நடக்கிறது?

1945 மார்ச் 9 இரவு டோக்கியோவின் மீது தீக்குண்டுகளை வீசச் சொன்னது பெரியதொரு முடிவு. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். பத்து லட்சம் பேர் வீடிழந்தனர். அதன்பின் கோடை முடிவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்தன. ஒவ்வொரு நகருக்கும் புதிதாக மனச்சாட்சியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வழி திறந்துவிட்டது, பட்டியல் நீண்டது. நாகசாகி அழிந்த அதே ஆகஸ்ட் 9 அன்று கமைஷி மீண்டும் பீரங்கித் தாக்குதலுக்கு ஆளானது. அங்கிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளும் அதில் இறந்தார்கள். சரணடைவதாகப் பேரரசர் வானொலியில் அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, 14ஆம் தேதி இரவில், குமகயா எரிந்தது. அகிதா அருகே சுச்சிசாகி குண்டுவீச்சில் சிதைந்தது. இன்னும் ஒரு பகல் பொறுத்திருந்தால் அந்த மக்கள் பிழைத்திருப்பார்கள்.

முற்றுகையையும் அன்றாடக் குண்டுவீச்சையும் நம் காலமும் கண்டுகொண்டிருக்கிறது. ‘இத்தனை இலக்குகள் தாக்கப்பட்டன’ என்ற வரி, நாளிதழின் உள்பக்கத்துக்கு நகரும் நாளில்தான் நாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். ஒரு போர் நியாயமானது என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், அதன் எல்லா நாட்களுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்ததாக ஆகாது. ஒவ்வொரு நாளின் தாக்குதலும் தனக்கான நியாயத்தைத் தானே சொல்லியாக வேண்டும். சொல்லும்படி கேட்பது குடிமக்களின் கடமை.