நாளுக்கு ஒரு பார்



கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப இருக்கிறது: எந்த ரகப் புல் போட்டால் விளைச்சல் அதிகம்? கோ-4 போட்டவர் கோ-5 தேவலையா என்கிறார். கோ-5 போட்டவர் சூப்பர் நேப்பியரை விசாரிக்கிறார். எந்த நாளில் அறுக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மாதம், கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

ஒரு காலத்தில் இங்கே புல்லை நட்டு அறுக்கும் அவசியமே இருக்கவில்லை. ஏரிக்கரை, மேய்க்கால் புறம்போக்கு, காட்டோரம் என்று மாடு தானே போய் மேய்ந்து வந்தது. தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனதும், மேய்ச்சல் போகிறதே என்று ஊர்மக்கள் போராடியதும், இன்று அங்கே மிஷலின் டயர் ஆலை ஓடுவதும் நீங்கள் அறிந்த கதை. 2020-ல் பக்கத்திலேயே நீர்த்தேக்கமும் திறந்தாயிற்று. அதன் நியாய அநியாயத்தைப் பேச இந்த ஒரு பக்கம் போதாது. மாட்டுக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால், இனிப் புல்லை நாமே நட்டு, நாமே அறுத்துப் போட்டால்தான் உண்டு.

அதற்கு ஆள் வேண்டுமே! பையன் ஷிப்டுக்குப் போகிறான், மருமகள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறாள். லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட புல் ஆளுயரம் தாண்டி நிற்கிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அமோக விளைச்சல். மாட்டுக்கோ வெறும் தட்டை.

கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்ட 75–80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நாள் தள்ளத் தள்ள இலை குறைந்து தண்டு கூடும், நார் இறுகும், புரதம் இறங்கும். முற்றிய கீரைத்தண்டை நாமே ஒதுக்குகிறோம். மாடும் தோகையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுவிடும். கட்டு கனக்கிறதே என்ற சந்தோஷம் பால் சொசைட்டி வரைதான். அங்கே காசு கொழுப்பையும் இதர திடச்சத்தையும் (எஸ்.என்.எஃப்.) பார்த்துத்தானே போடுகிறார்கள்! அவசரப்பட்டு 30 நாளில் அறுப்பதும் ஆகாது. தூரில் சத்து சேருமுன் வெட்டினால் அடுத்த துளிர் நலிந்து வரும். இளம்புல்லில் ஆக்சலேட்டும் அதிகம். அது தீவனத்தின் சுண்ணாம்புச் சத்தை மாட்டுக்குச் சேரவிடாது.

நாள் தவறாமல் அறுக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. பத்து சென்ட் நிலம் என்றால் சுமாராக 90 அடி நீளம், 48 அடி அகலம். இரண்டடிக்கு ஒரு பார் பிடித்தால் 45 பார். நாளுக்கு ஒரு பார் அறுத்துக்கொண்டே போனால், கடைசிப் பாரை முடித்துத் திரும்பும்போது முதல் பார் சரியாக 45 நாள் பயிராக நிற்கும். காலையில் அரைமணி நேர வேலை, லீவுக்குக் காத்திருக்க வேண்டாம். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை கிடைக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஒரு அறுப்பில் ஒரு பாருக்கு 40 கிலோ, இரண்டு கறவைக்குப் பசுந்தீவனம். நம் வயலில் அதில் பாதி வந்தாலும் ஒரு மாட்டுக்குக் குறையில்லை. ஆனால் 45 பாரையும் ஒரே நாளில் நட்டுவிடாதீர்கள். முதல் சுற்றிலேயே கடைசிப் பார்கள் முற்றிவிடும். ஒன்பது நாளுக்கு ஒன்பது பார் என்று பிரித்து நடுங்கள். அறுக்கும்போது தரையிலிருந்து அரைச் சாண் விட்டு அறுங்கள். அறுத்த பாருக்குச் சாணிக் கரைசலோ யூரியாவோ கொஞ்சம் கொடுத்துத் தண்ணீர் கட்டுங்கள். அறுப்பதோடு நிறுத்திவிட்டு, புல் குறைந்துபோச்சு என்று ரகத்தைத் திட்டுபவர்களே அதிகம்.

புல் மட்டும் போதாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் கலந்து போடுங்கள். அதற்கு 90 நாளில் முதல் வெட்டு, பிறகு 40 நாளுக்கு ஒன்று. தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். புல்லைப் போல ஒட்ட வெட்டினால் செடி போய்விடும்.

சோளம் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பூக்காத இளம்பயிரை, அதிலும் வெயிலில் வாடி மீண்டும் துளிர்த்ததை, மாட்டுக்குப் போடவே கூடாது. அதிலிருக்கும் சயனைடு நஞ்சு சில நிமிடங்களிலேயே மாட்டைச் சாய்த்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்து வயல்கள் தண்ணீரில் நிற்கும். நேப்பியர் அதைத் தாங்காது. பள்ளத்தில் நீர்ப்புல் போட்டுக்கொள்ளலாம். மழைக்கு முன்பே மக்காச்சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து ஊறுகாய்ப்புல் போட்டுவைத்தால் நாற்பத்தைந்து நாளில் எடுக்கலாம். ஆலைக் கழிவு கலந்த ஓடைத் தண்ணீரை மட்டும் புல்லுக்குப் பாய்ச்சாதீர்கள். நேப்பியர் மண்ணிலுள்ள உலோகங்களை நன்றாகவே உறிஞ்சும். புல் வழியாக அவை மாட்டின் வயிற்றுக்குப் போய்ச்சேரும்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. மத்திய அரசின் மண்டலத் தீவன உற்பத்தி, செயல்விளக்க நிலையம் நம் அலமாதியில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே முர்ரா எருமைப் பண்ணை. சந்தேகம் கேட்கத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு.

ஒரு சுற்று நாள் குறித்து அறுத்துப் பாருங்கள். முன்னே கறந்தது எவ்வளவு, இப்போது எவ்வளவு, சொசைட்டி சீட்டில் என்ன மாற்றம் என்று எங்களுக்கு எழுதுங்கள். பால் கூடவில்லை என்றாலும் எழுதுங்கள், அதையும் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்